தெருமுனைத் தபால் பெட்டியை எடுத்துவிட்டார்கள், திரும்பக் கேட்க முடியுமா?

தெருமுனை வீடு எழுதியது:

வணக்கம். எங்கள் தெருமுனையில் இருந்த தபால் பெட்டியைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை, பெட்டியில் அறிவிப்பும் ஒட்டவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் நான்கு போல்ட் முனைகளும் தரையில் வட்டமாக ஒரு துருக்கறையும்தான் மிச்சம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 81 வயது. அவருடைய தங்கை, என் சித்தி, வேறு ஊரில் இருக்கிறார், வயது 76. சித்திக்குக் காது கேட்பது நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. கருவி வைத்தாலும் போனில் வரும் குரல் அவருக்கு வெறும் இரைச்சல். கைப்பேசித் திரையில் நாலு வரிக்கு மேல் படித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். காகிதம் என்றால் விளக்குக்குக் கீழே வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, நிதானமாகப் படிப்பார். அதனால் அம்மா வாரம் ஒரு கடிதம் எழுதுவார். பெரிய பெரிய எழுத்தாக, ஒரு பக்கத்துக்குப் பத்து வரி. வியாழக்கிழமை எழுதி, வெள்ளிக்கிழமை காலை அவரே போய்ப் பெட்டியில் போடுவார்.

வீட்டு வாசலிலிருந்து பெட்டி வரை 140 காலடி வைக்க வேண்டும். நான் எண்ணவில்லை, அம்மா எண்ணி வைத்திருக்கிறார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் தனியாக, யாரும் கூட வராமல் போய்வந்த ஒரே இடம் அதுதான்.

இப்போது பக்கத்துத் தபால் நிலையம் இரண்டு கிலோமீட்டர். நடுவில் இரண்டு பெரிய சாலைகள். "கொடும்மா, நான் போட்டுவிடுகிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். முதல் வாரமே அதை அலுவலகப் பையில் வைத்து மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை "போட்டுட்டியாப்பா?" என்று கேட்டபோதுதான் பையின் பக்கவாட்டில் அது மடங்கிக் கிடந்தது தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுத உட்காரும் முன், "இந்த வாரம் உனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். நாலு வாரத்தில் நாலு கடிதம் போக வேண்டிய இடத்தில் இரண்டுதான் போயிருக்கிறது. சித்தியிடமிருந்து வந்த கடிதத்தில் முதல் வரியே "உடம்பு சரியில்லையா அக்கா?" என்பதுதான்.

கவுன்டரில் போய்க் கேட்டேன். "பயன்பாடு குறைவு, மேலிடத்து உத்தரவு" என்றார்கள். பேசியவர் மரியாதையாகவே பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: பயன்பாடு குறைவு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எடுத்த பெட்டி திரும்ப வந்ததுண்டா? யாருக்கு, என்னவென்று எழுத வேண்டும்?


மொட்டைமாடி எழுதியது:

உங்கள் அம்மாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பெட்டி விஷயம் முடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு வழி. அம்மா எழுதியதைப் படம் எடுத்து, சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் யாருக்காவது அனுப்பி, அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் செய்கிறோம். பெரிய தாளில் எடுத்தால் எழுத்தும் பெரிதாக வரும்.


தெருமுனை வீடு எழுதியது:

நன்றி. அவசரத்துக்கு இதைக் கட்டாயம் செய்கிறேன், பெரிய தாள் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் சித்தியின் மகன் காலை ஏழு மணிக்குப் போனால் இரவுதான் திரும்புவான், வாரா வாரம் அவனைக் கேட்க முடியாது. இன்னொன்று, எழுதியதை நான் படம் எடுக்க வேண்டும் என்றால் நான் படிப்பேன் என்று அம்மாவுக்குத் தெரியும். தங்கைக்கு எழுதுவதில் என்னைப் பற்றியும் இருக்குமே. ஒட்டிய உறை அவர் கையிலிருந்து போக வேண்டும், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.


பீட் நம்பர் 7 எழுதியது:

தம்பி, நான் 34 வருடம் தபால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஆறு வருடம் சார்ட்டிங், அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை, மீதியெல்லாம் சைக்கிளும் பையும். நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெட்டியை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, சில நாள் அதில் விழும் கடிதங்களை எண்ணச் சொல்வார்கள். பெட்டியைத் திறக்கும் ஆள்தான் எண்ணுவார். நானே எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கை தப்பாக இருக்காது, ஆனால் அந்தச் சில நாட்கள் எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மழை கொட்டிய வாரத்தில் எண்ணினால் யார் போட வருவார்கள்? உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை போடுகிறார். திங்கள் முதல் வியாழன் வரை எண்ணியிருந்தால் அவர் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியை எடுக்கும் முன்பே அது பாதி செத்திருக்கும். முன்பு ஒரு நாளைக்கு மூன்று தடவை திறந்த பெட்டி, இரண்டாகும், ஒன்றாகும். ஒரு தடவைதான், அதுவும் காலையிலேயே எடுத்துவிடுவார்கள் என்றால், மதியம் போடுகிறவருக்கு ஒரு நாள் வீண். அவர் நேராகத் தபால் நிலையத்துக்கே போய்விடுவார். அப்புறம் அடுத்து எடுக்கும் நேரத்தைக் காட்டும் தகடு தொலைந்துபோகும், யாரும் புதிதாக மாட்ட மாட்டார்கள். பெயின்ட் உரியும். இதில் போட்டால் போய்ச் சேருமா என்று சனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் எண்ணிப் பார்த்து, ஆள் இல்லை என்று எழுதுவார்கள்.

நான் திறந்த பெட்டிகளில் கடிதம் மட்டுமா இருந்தது? குளவி கூடு கட்டியிருக்கும். பிள்ளைகள் மிட்டாய்க் காகிதம் போட்டிருப்பார்கள். தெருவில் கிடந்த பர்ஸை எடுத்தவர்கள், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பெட்டிக்குள் போட்டிருப்பார்கள். அதில் அடையாள அட்டை இருந்தால் நாங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஒரு தடவை முகவரியே இல்லாமல் "அப்பாவுக்கு" என்று மட்டும் எழுதிய உறை ஒன்று இருந்தது. அன்றைக்கு முழுக்க அது என் சட்டைப் பையில் கனத்துக்கொண்டே இருந்தது.

சரி, உங்கள் காரியத்துக்கு வருகிறேன். "பெட்டியைத் திரும்ப வையுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு "பயன்பாடு குறைவு" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எண்ணினீர்கள், தினம் எத்தனை விழுந்தது, எந்தெந்தக் கிழமை என்று கேளுங்கள். கேள்வியாகக் கேட்டால் ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டிவரும். கோப்பைத் திறக்க வைப்பதுதான் முதல் வேலை. அப்புறம், தெருவில் நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் மாதம் எத்தனை கடிதம் போடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பொதுவாக "முதியோர் சிரமப்படுகிறார்கள்" என்றால் யாருக்கும் உறைக்காது.

பீட் என்றால் ஒரு தபால்காரருக்கு ஒதுக்கிய தெருக்கள். இப்போது உங்கள் பீட் வரும் தபால்காரரிடம் பேசிப் பாருங்கள். கையில் வாங்கிக்கொண்டு போகலாமா என்பது அந்தந்த இடத்து விதி. அவரை வற்புறுத்தாதீர்கள், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள்.


உறையும் தலையும் எழுதியது:

தபால் தலை சேகரிப்பவன் நான். அந்தப் பழக்கத்தில் பல நாடுகளின் தபால் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரியவர் உள்ளிருந்து சொன்னதற்கு வெளியிலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

டென்மார்க்கில் 2000-ஆம் ஆண்டு 140 கோடிக் கடிதங்கள் போயின. 2024-இல் அது 11 கோடி. 1624 முதல் நடந்துவந்த அரசுத் தபால் சேவை, 2025 டிசம்பர் 30 அன்று கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கடித வேலையை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்பே, ஜூன் மாதம் முதல் நாடு முழுவதும் இருந்த 1,500 சிவப்புப் பெட்டிகளையும் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கடிதமே அங்கே ஒழிந்துவிடவில்லை, ஒரு தனியார் நிறுவனம் கொண்டுபோகிறது. ஆனால் அனுப்புகிறவர் அதன் மையத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் பணம் கட்டி வீட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

பிரிட்டனில் 2004-05 வாக்கில் ஆண்டுக்கு 2,000 கோடிக் கடிதங்கள். 2023-24-இல் 670 கோடி. 2025 ஜூலை முதல் இரண்டாம் வகுப்பு, அதாவது விலை குறைந்த, மெதுவாகப் போகும் கடிதங்களை வார நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் போதும் என்று ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி கொடுத்துவிட்டது. நார்வே 2020-லேயே ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு மாறிவிட்டது. கனடாவில் வீட்டு வாசலில் கொடுப்பதை நிறுத்தி, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் பூட்டுப்பெட்டி வைக்கும் திட்டத்தை 2013-இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பி 2015-இல் நின்றது. 2025 செப்டம்பரில் அந்தத் திட்டத்துக்கு மறுபடியும் வழி விட்டிருக்கிறார்கள், சுமார் 40 லட்சம் முகவரிகள் மாறப்போகின்றன.

காரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு தெருவுக்கு நூறு கடிதம் வந்தாலும் பத்து வந்தாலும் தபால்காரர் அதே தெருவைத்தான் நடக்க வேண்டும். முன்பு நூறு உறைகள் பங்குபோட்ட செலவை இப்போது பத்து உறைகள் தாங்குகின்றன. அதனால் தபால் தலை விலையை ஏற்றுகிறார்கள். விலை ஏறினால் இன்னும் நாலு பேர் எழுதுவதை விடுகிறார்கள். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மொத்தமாக அனுப்பிய கடிதங்கள்தான் அந்த நூறில் பெரும்பங்கு. அவை இணையத்துக்குப் போனதும் தனி மனிதர்களின் கடிதத்தைச் சுமக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

இவ்வளவும் சொன்னாலும் உங்களுக்கு உதவக்கூடியது இதில் ஒன்றே ஒன்றுதான், அதனால் அதைத் தனியாகச் சொல்கிறேன். பெட்டி வேண்டுமா என்பதை இரண்டு விதமாக அளக்கலாம். அமெரிக்காவில் எண்ணிக்கை: ஒரு நாளைக்குச் சராசரியாக 25 உருப்படிகளுக்குக் குறைவாக விழும் பெட்டிகள் அகற்றும் பரிசீலனைக்கு வரும். பிரிட்டனில் தூரம்: 98 சதவீத முகவரிகளுக்கு அரை மைலுக்குள், அதாவது சுமார் 800 மீட்டருக்குள், ஒரு பெட்டி இருக்க வேண்டும். கடிதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகும் அங்கே சுமார் 1,15,000 பெட்டிகள் நிற்கின்றன. அதற்கு இந்தத் தூர விதி ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். எண்ணிக்கையில் வாதாடினால் நீங்கள் தோற்பீர்கள், ஏனென்றால் கடிதங்கள் குறைந்தது உண்மைதான். தூரத்தை வைத்துக் கேளுங்கள்.

சரித்திரமும் உங்கள் பக்கம்தான். 1840-க்கு முன்பு பிரிட்டனில் பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுத்தார், அதுவும் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து. ரோலண்ட் ஹில் என்ற சீர்திருத்தக்காரர் கொண்டுவந்த மாற்றத்தால் முன்பணம் கட்டிய தபால் தலை வந்தது. காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால் கவுன்டருக்குப் போக வேண்டிய தேவையே இல்லையே? அப்போதுதான் தெருவில் பெட்டி வைப்பதற்கே அர்த்தம் வந்தது. 1852-இல் ஜெர்சி தீவில், ஆன்டனி டிரோலப் என்ற அஞ்சல் அதிகாரியின் யோசனைப்படி முதல் நான்கு தூண் பெட்டிகளை வைத்தார்கள். பிரான்சில் அப்போதே தெருப்பெட்டிகள் இருந்தன, அதைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். தபால் நிலையம் வரை நடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அங்கிருந்தவர்களின் குறை. உங்கள் அம்மாவின் குறையும் அதேதான்.


ஆறு புள்ளி எழுதியது:

எனக்குப் பார்வை கிடையாது. திரைவாசிப்பானில் இந்தத் திரியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரெயில் புத்தகங்களுக்குத் தபால் கட்டணம் இல்லை என்பது பல பேருக்குத் தெரியாது. சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் விதியிலேயே அந்தச் சலுகை இருக்கிறது, நாடு விட்டு நாடு அனுப்பினாலும் சாதாரணத் தபாலுக்கு அது உண்டு. நூலகத்திலிருந்து வந்த புத்தகத்தைப் படித்து முடித்து, முகவரி அட்டையைத் திருப்பி வைத்துத் திரும்ப அனுப்புவேன். கட்டணம் இலவசம்தான், ஆனால் அனுப்புமிடம் தூரமாகப் போய்விட்டால் அந்த இலவசம் எனக்கு எதற்கு? எழுதும் மனுவில் என்னைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


நிலைப்படி எழுதியது:

நான் குறுக்கே ஒன்று சொல்லலாமா. பெட்டிக்காகப் போராடும் பலத்தை எல்லாம் வீட்டு வாசல் தபாலுக்காகச் சேர்த்து வைப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். எனக்கு வர வேண்டிய ஒரு முக்கியக் கடிதம் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதித் திரும்பிப் போய்விட்டது. அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன். ஒரே ஆள் இரண்டு பீட் பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது. இருக்கும் ஆட்களை வைத்து வாசலுக்கு ஒழுங்காக வரட்டும், பெட்டி போனால் போகட்டும் என்பது என் கருத்து. மனம் நோகச் சொல்லவில்லை.


பீட் நம்பர் 7 எழுதியது:

நோகவில்லை, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பீட்டை ஒருவர் பார்த்தால் இப்படித்தான் ஆகும், நானும் பார்த்திருக்கிறேன். காலியான இடத்துக்கு ஆள் போட மாட்டார்கள், ஓய்வு பெற்றவரின் தெருக்களைப் பக்கத்து பீட்டோடு சேர்த்துவிடுவார்கள். ஆனால் தெருமுனைப் பெட்டியைத் திறப்பதற்கென்று பல இடங்களில் தனி ஆள் கிடையாது. பீட் போகிறவரே வழியில் திறப்பார், இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் உங்கள் வாசலுக்கு ஒருவர் கூடுதலாக வரப்போவதில்லை.


தெருமுனை வீடு எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயா சொன்னபடி வீடு வீடாகப் போனேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் சேர்த்து 46 வீடுகள். மாதம் ஒரு கடிதமாவது போடுகிறவர்கள் 11 வீட்டில் இருக்கிறார்கள். அதில் ஆறு பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். ஓர் அம்மா சிறையில் இருக்கும் மகனுக்கு எழுதுகிறார். இதை அவர் சன்னமான குரலில், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார், மனுவில் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை. எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துக்கொண்டேன். பெட்டி போன பிறகு யார் யார் எழுதுவதைக் குறைத்தார்கள் என்றும் கேட்டேன். ஏழு பேர் குறைத்திருக்கிறார்கள், இருவர் அடியோடு விட்டுவிட்டார்கள்.

மனுவை நான் தட்டச்சு செய்தேன். அம்மா "நானும் தனியாக ஒன்று எழுதுகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதினார். சித்திக்கு எழுதுவது போலவே பெரிய எழுத்தில், பத்து வரி. "140 காலடி என்னால் முடியும். இரண்டு கிலோமீட்டர் முடியாது" என்பது அதில் ஒரு வரி. இரண்டையும் ஒரே உறையில் வைத்தோம். தூரத்தை அளந்து ஒரு வரைபடமும் சேர்த்தேன். எண்ணிய தேதிகளையும் கேட்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எண்ணியது ஒரு திங்கள் முதல் வியாழன் வரை, நாலு நாள். ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. பழைய இடத்தில் தூண் பெட்டி வைக்க முடியாது, ஆனால் நூலகத்துச் சுற்றுச்சுவரில் சிறிய பெட்டி ஒன்றை மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், தேதி மட்டும் போடவில்லை. நூலகம் என்பதால் ஆறு புள்ளி சொன்ன மாதிரி புத்தகம் அனுப்புகிறவர்களுக்கும் வசதி.

நேற்று மாலை அம்மா நூலகம் வரை நடந்து பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். 226 காலடி. நடுவில் ஒரு முறை சுவரைப் பிடித்து நின்றார், திரும்பும்போது நிற்கவில்லை.

ஐயாவிடம் கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். சுவரில் மாட்டும் பெட்டியின் வாய் எவ்வளவு உயரத்தில் வரும்? அம்மாவுக்குத் தோளுக்கு மேல் கை தூக்க வராது. உயரத்தையும் எழுதிக் கேட்கலாமா, அது அதிகப்படியாக இருக்குமா?


பீட் நம்பர் 7 எழுதியது:

அதிகப்படி ஒன்றும் இல்லை தம்பி. சுவரில் துளை போட்ட பிறகு கேட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள், அதனால் இன்றைக்கே எழுதுங்கள். அம்மாவை நூலகத்துச் சுவரோரம் நிற்க வைத்து, கையில் உறையைக் கொடுத்து, எட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, சென்டிமீட்டரில் எழுதுங்கள். மழைக்கு மேலே மூடி வைத்த வாய் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மை கரைந்துவிடும்.